மாமன் மடி

குரங்கணி போகும் ஜீப்பில் என் பக்கத்தில் இருந்தவர் ஏலத்தோட்டத்து வேலைக்காரர். அவ்வளவு நெரிசலிலும் என்மேல் படாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். புருவமும் மூக்கோரமும் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தன. தோளில் உதிர்ந்ததைத் துண்டால் தட்டிக்கொண்டே வந்தார்.

“டாக்டர்ட்ட காட்டுனீங்களாண்ணே?” என்றேன்.

“காட்டுனேன். ஒட்டுவாரொட்டி இல்லன்னுட்டாரு. மருந்து ஷாம்பு போட்டா அடங்குது, குளுரு வந்தா திரும்ப வந்துருது. தங்கச்சிக்கும் இது தெரியும். இன்னைக்கு அவ பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் நான் நிக்கிறேன், பிள்ளைய வேற ஆளு மடியில உக்கார வச்சுட்டா.”

இறங்கும்போது, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டுப் போனார். நான் அந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.