வாசலைக் கடந்துபோன அரசன்

எள் ரொட்டி சுடும் லூ சானைத் தெரியாதவர்கள் மஞ்சள் ஆற்றின் இந்தப் படகுத்துறையில் கிடையாது. கிழக்குக் கரையில் பிறந்து, மேற்குக் கரையில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம்.

வம்பு அவளுடைய கல்யாணத்தன்றே தொடங்கிவிட்டது. ஆதியில் பெருவெள்ளத்தை அடக்கிய அரசன், வேலை அவசரத்தில் தன் வீட்டு வாசலை மூன்று முறை கடந்தும் உள்ளே போகவில்லை என்பார்களே, அந்த வீடு எங்கள் ஊரில்தான் இருந்தது என்று மாப்பிள்ளை தெங் கூ தினைக் கள்ளின் தெம்பில் சொல்லிவிட்டான். "இல்ல, கிழக்குக் கரையில எங்க ஊர்லதான்" என்று சானின் அண்ணன் லூ போ எழுந்தான். பேச்சு முற்றி, பந்தியிலிருந்த ஆட்டிறைச்சிக் குழம்பு இருவர் மேலும் கவிழ்ந்தது. அதோடு அந்த இருவருக்குள்ளும் போக்குவரத்து நின்றது.

லூ போ உப்புப் படகு ஓட்டுபவன். தங்கை வீட்டைத் தாண்டித்தான் தினமும் போவான். அவள் மாவு படிந்த கையோடு வாசலில் நிற்பாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தும் தாய்மாமன் படியேறவில்லை. பண்டிகைக்கு அவள் மட்டும் பிறந்த வீடு போய்வருவாள். திரும்பி வந்த அன்றைக்கு ரொட்டி தீய்ந்துதான் இருக்கும். நாங்கள் யாரும் குறை சொல்வதில்லை.

இப்படி இருக்கையில், பழைய அரசர்களின் கதைகளைத் திரட்டி நூலாக எழுத பெய் ஷுன் என்ற கிழவர் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். தெங் கூ அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், கோழிகள் உட்கார்ந்திருந்த ஒரு கல்லைக் காட்டினான். "ஐயா, ராசா வீட்டு வாசப்படி. நல்லா எழுதிக்குங்க."

செய்தி ஆற்றைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? மதியத்துக்குள் லூ போவின் படகு எங்கள் துறையில் வந்து முட்டியது.

"பொய்யை எழுதாதீங்க ஐயா. அது இந்தாளு வீட்டு மாவரைக்கிற கல்லு."

"வாய்யா மச்சான். குழம்பு இன்னும் காயலையா?" என்றான் தெங் கூ.

இருவரும் சானின் அடுப்பருகே மார்பை நிமிர்த்தி நின்றார்கள். அவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ராசா மூணே தடவைதான் தாண்டிப் போனாரு. அவருக்கு ஊரையே முழுகடிக்கிற வெள்ளத்தை அடக்குற வேலை. நீ தினந்தினம் தாண்டிப் போறியே, உனக்கு என்னண்ணே வேலை? உப்பு மூட்டை எழுந்து ஓடிடுமா?"

துறையே சிரித்தது. லூ போவின் காது சிவந்தது.

"நீயும் இளிக்காத," என்று புருஷனை மடக்கினாள். "ஒரு தடவையாவது படகை நிறுத்திக் கூப்பிட்டியா?"

பெய் ஷுன் தூரிகையைப் பிடித்தபடி, "அப்போ வீடு எந்தக் கரைன்னு எழுதறது, அம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு அவரு வீடு, இன்னொண்ணு மாமியார் வீடுன்னு எழுதுங்க. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு தாய்வீடு போயிருக்க மாட்டாளா?"

"இது யாரு சொன்ன கதை?"

"யாரும் சொல்லல. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டதுல எனக்கே தோணுச்சு."

கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். 'வீடு எந்தக் கரையில் இருந்தது என்பதில் இரு ஊராருக்கும் கருத்து வேறுபாடு உண்டு' என்று மட்டும் எழுதி, எங்களுக்கும் படித்துக்காட்டினார்.

லூ போ தலையைக் குனிந்துகொண்டு தங்கை வீட்டுக்குள் போனான். மாமன் மடியில் சின்னவள் தானாகவே ஏறி உட்கார்ந்து, அவன் தாடியில் எள் ஒட்டிவைத்தாள். சான் புகையைச் சாக்கிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஈடு ரொட்டியை அடுப்பின் உள்சுவரில் ஒட்டினாள்.

சண்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. எது ராசா வீடு, எது மாமியார் வீடு என்று இப்போது மாப்பிள்ளையும் மச்சானும் வாரந்தோறும் மோதிக்கொள்கிறார்கள். ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி.