நாற்பது கறுத்த திரைகள்

கணினித் திரையில் படம் வந்தால் அது கணினியின் கெட்டித்தனம். வராவிட்டால் டிரைவர் எழுதினவளின் குற்றம். இந்தத் தொழிலில் என்னோடு அகப்பட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இயங்குதளத்தின் நடுவில் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் சிப்போடு அது பேசுவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் டிரைவர். அதை எழுதும் வேலையில் மட்டக்களப்பில், சுனாமி வந்த கையோடு, மாட்டிக்கொண்டேன்.

கொள்கலனில் வந்தவை

வெளிநாட்டில் யாரோ இரக்கப்பட்டு, எங்கள் கணினி நிலையத்துக்கு நாற்பது பழைய கணினிகளை அனுப்பியிருந்தார்கள். இலவச இயங்குதளத்தைப் போட்டோம். நாற்பது திரையும் கறுப்பு. உள்ளே இருந்த சிப்பைச் செய்த கம்பனி எப்போதோ மூடிப்போயிருந்தது. கையேடும் இல்லை, டிரைவரும் இல்லை. நிலையப் பொறுப்பாளர் செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பல்கலைக்கழகத்தில் கேர்னல் படித்தவள் என்று அவருக்குத் தெரியும். பரீட்சை முடிந்த அன்றே மறந்தவள் என்று தெரியாது.

சிப்புக்குள் நூற்றுக்கணக்கான சிறு அறைகள். ஒன்றில் ஓர் எண்ணைப் போட வேண்டும், திரையைப் பார்க்க வேண்டும், கணினி உறைந்தால் நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டும், பிறகு அடுத்த எண். யன்னலுக்கு வெளியே சனம் அரிசிக்கும் கூடாரத்துக்கும் வரிசையில் நின்றது. அந்த வரிசையில் என் மாமியும் நின்றார். நான் உள்ளே எண் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆறாவது கிழமை ஒரு திரையில் சாம்பல் நிறக் கோடு ஒன்று வந்தது. ஓடிப்போய் செல்வம் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டுப் பார்த்தார்.

"இதுக்கா புள்ள ஒண்டரை மாசம்?"

சட்டையின் நிறம்

கோடு படமானது. நிலையத்தின் முன்னறையில் நாலு கணினிகளை வைத்து, கடல் கொண்டுபோனவர்களின் படங்களைக் காட்டத் தொடங்கினோம். அடக்கம் செய்யுமுன் பொலிஸ் எடுத்த படங்கள். உறவுகள் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வாகரையிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் வந்தார். மகளுக்குப் பதினொரு வயது, சிவப்புச் சட்டை போட்டிருந்தவள் என்றார். முழுவதும் பார்த்தார். ஒரு படத்தில் கொஞ்சம் நின்றார். சட்டை நீலம். "இல்ல மிஸ்" என்று எழும்பிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு பிழையைத் தேடும்போது திரையில் நிறப் பட்டைகள் வரைந்தேன். சிவப்புப் பட்டை நீலமாக வந்தது. தொடக்கத்திலிருந்தே என் டிரைவர் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். மற்றக் கணினிகளை இன்னும் பாவிக்கத் தொடங்கவில்லை, அந்த நாலு திரைகளிலும் ஓடியவை இந்தப் படங்கள் மட்டும்தான். முகங்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. கடலில் கிடந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று சனம் நினைத்தது. நானும் நினைத்தேன்.

திருத்துவதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது. வந்துபோனவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினோம். வாகரைக்காரரும் வந்தார். நானே அவர் பக்கத்தில் நின்று அந்தப் படத்தைத் திறந்தேன். சட்டை சிவப்பு. பிழை என்னுடையது என்று சொல்லத் தொடங்கினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அண்டைக்கே முகத்தக் கண்டனான் மிஸ். சட்ட நீலமாக் கிடந்திச்சு, அவளில்லையெண்டு நினைக்க அது காணும் எண்டு போட்டு வீட்ட போனனான்."

கேர்னல் விழுந்த நாள்

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. ஒருநாள் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். செல்வம் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். காலையில் நான் ஏற்றிய புதிய டிரைவர் கேர்னலையே விழுத்திவிட்டதாம், கணினிகள் ஒன்றும் எழும்பவில்லையாம். இரைச்சலில் நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. நான் சத்தமாகக் கேட்டேன்: "கேர்னல் விழுந்திட்டா? எத்தின மணிக்கு? ஒருத்தரும் தொட வேணாம். நான் வந்து பாக்கிறன்."

பஸ்ஸில் இருந்தவர்களின் காதில் அது கேணல் என்று விழுந்தது. கேணல் என்பது படைப் பதவி. அந்த வருடங்களில் இரண்டு பக்கமும் கேணல்கள் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் பையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள். நான் கணினியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகக் கேட்டது. கொண்டக்டர் என்னிடம் வந்து, மரியாதையாக, காதோடு சொன்னார்:

"தங்கச்சி, அடுத்தது ஆமி செக்பொயின்ற். இஞ்ச இறங்கி நடந்து வாங்க, பஸ்ஸில பிள்ளைகள் இருக்கு."

மூன்று தரம்

வாகரையில் சண்டை நடந்து சனம் காட்டு வழியே நடந்து வந்தபோது, முகாமில் பதிவு செய்ய எங்கள் கணினிகளைக் கேட்டார்கள், நானும் கூடப் போய்ப் பதிந்தேன். கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும். தொட்டால் திரும்ப வர வேண்டும். என் டிரைவரில் வராது. நிறுத்தி எழுப்ப வேண்டும், அதற்குள் பதிந்ததெல்லாம் போய்விடும். நிலையத்தில் யாரும் கணினியைச் சும்மா விட்டதில்லை, அதனால் எனக்கு இது தெரியாது. முகாமில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லச் சனத்துக்கு நெடுநேரம் பிடித்தது.

ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. குடும்பத் தலைவர் எங்கே என்ற கேள்வி வந்ததும் பேசாமல் நிற்பாள், திரை அணையும். இரண்டு தரம் அப்படிப் போனது. நான் கணினியை எழுப்பிவிட்டு, மன்னிக்கச் சொல்லி, மூன்றாம் தரமும் முதலிலிருந்து பேரைக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"எத்தின தரம் கேட்டாலும் காணாமப் போனவர் எண்டுதான் சொல்லுவன் மிஸ். வேற சொல்லத் தெரியா."

பாவிப்பவர் யார்?

அன்று மாலையே அந்தப் பிழையைத் திருத்தினேன். பிறகு இரண்டு வருடம் வரிவரியாகத் துப்புரவாக்கி, உலகத்துக்கே பொதுவான கேர்னலில் சேர்க்கும்படி டிரைவரை வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். பதில் வந்த கிழமைதான் யுத்தம் முடிந்தது. வீதியில் சிலர் வெடி கொளுத்தினார்கள். பதிலை நானும் செல்வம் அண்ணனும் சேர்ந்து வாசித்தோம். எழுதியிருக்கும் முறை சுத்தமாக இருக்கிறது, பாராட்டுகிறோம். ஆனால் இந்தச் சிப்பைப் பாவிப்பவர்கள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள்.

சுற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றிலும் முகாம் புழுதியிலும் நாற்பதில் ஏழு மிஞ்சியிருந்தது. அதில் மூன்றுதான் ஓடின. என்ன எழுதுவது என்று அண்ணனைக் கேட்டேன். அவர் யன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இருந்தவங்க எண்டு எழுது புள்ள."

அப்படியே எழுதி அனுப்பினேன், அவர்கள் டிரைவரைச் சேர்க்கவில்லை. டிரைவர் எழுதுகிறவளால் ஆட்களைப் பார்க்க வைக்கத்தான் முடியும், எதைப் பார்க்க வேண்டிவரும் என்பது எந்தச் சிப்பின் கையேட்டிலும் எழுதியிருக்காது.