விலாசம் இல்லாத கருவாடு

ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க இந்தியாவிலிருந்து வந்தவள் நான். அப்பா காலமான பிறகு அம்மா திருநெல்வேலியில் தனியாக இருந்தாள். ஆவணியில் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறேன் என்று அதிபரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த கிழமையே பொதிகள் வரத் தொடங்கின.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரு பிள்ளை தமிழ்நாட்டில் இருந்தது. இராமேஸ்வரம் கப்பல் நின்றுவிட்டது. தபாலை நம்ப முடியாது. இந்தியாவுக்குப் போகிற ஒருத்தி அகப்பட்டால் சும்மா விடுவார்களா? கோப்பாயில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குள் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் காயவைத்த பனங்கிழங்கான ஒடியலும் குவிந்தன. கட்டிலுக்குக் கீழே எறும்பு. தும்மாமல் ஒரு கணக்குத் திருத்த முடியவில்லை. திருச்சி, சென்னை என்று விலாசமாவது எழுதியிருந்தார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஆறுதலும் மீனவர் பகுதியான குருநகரிலிருந்து ஒரு தாய் வரும்வரைதான். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். பஸ் ஏறி வந்து, ஒரு சொப்பிங் பையை என் மேசையில் வைத்தார். பாரைக் கருவாடு. நானோ பிறந்ததிலிருந்து மரக்கறிக்காரி.

"என்ரை பெடியன் அங்கைதான் நிக்கிறான், டீச்சர். இதைக் குடுத்துவிடுங்கோ."

அங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். இந்தியாவில் என்றார். படகில் போனவன், எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாதாம். இந்தியா எவ்வளவு பெரியது என்று நான் விளக்கினேன். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையில் ஒரு இரவு முழுக்க ரயில் ஓடும் என்றேன். சின்னப்பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் டீச்சர், பெரிய இடந்தான். ஆனா ஆக்களை ஆக்களுக்குத் தெரியுந்தானே. விசாரிச்சால் சொல்லுவினம்."

அவர் போனதும் வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பிள்ளை, உதை உள்ளுக்கை வைக்காதை. நல்லூரிலை கொடி ஏறியிட்டுது. திருவிழா முடியுமட்டும் வீட்டிலை மீன் வாடையே கூடாது." கருவாட்டை ஒரு பிஸ்கட் தகரத்தில் அடைத்து வேலியோர முருங்கையில் கட்டித் தொங்கவிட்டேன். காகங்கள் பகலில் பார்த்துக்கொண்டன, பூனைகள் இரவில்.

பரீட்சை தள்ளிப்போயிற்று. பாடசாலையில் எனக்குப் பிரியாவிடை வைத்து, மாலை போட்டு, குத்துவிளக்கும் பரிசாகத் தந்து முடித்திருந்தார்கள். அடுத்த நாள் அதே வகுப்பில் போய் நின்று நுண்கணிதம் படிப்பித்தேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளை நடுவில் விட்டுப் போகலாமா என்று அதிபர் கேட்டார். புதிய ஆசிரியை வருகிறார் என்றார். வந்தவர் ஒரு பாடம் எடுத்துவிட்டு, கனடா போக வழி கிடைத்ததென்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பரீட்சை இன்னொரு தடவையும் தள்ளிப்போயிற்று.

ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் குருநகர்த் தாய் வந்துவிடுவார். தகரத்தை இறக்கச் சொல்லி, பழைய கருவாட்டை எடுத்துக்கொண்டு புதிதாக வைத்துவிட்டுப் போவார். பயணம் பிந்தியதே அவருடைய வசதிக்காகத்தான் என்பதுபோல இருக்கும். கார்த்திகை மழையில் நனைந்து அப்படி வந்து நின்ற ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் என்ன கருவாட்டுக்கடை வைக்கவா ஊருக்குப் போகிறேன், இதை யாருடைய தலையில் கட்டுவது என்று சத்தம் போட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அங்கத்தைச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கேல்லை எண்டு ஆரிட்டையோ சொல்லிவிட்டவன், டீச்சர். எனக்குச் செய்யக்கூடியது இதுதான்."

கருவாட்டை வாங்கித் தகரத்தில் அடைத்தேன். எரிச்சல் மட்டும் குறையவில்லை.

ஒருவழியாகப் பரீட்சை நடந்தது. கிளம்பினேன். கொழும்புப் பாதையில் ஒரு சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவன் என் பையைத் திறந்தான். திறந்த வேகத்திலேயே மூடி, போ என்று கையைக் காட்டினான். விமான நிலையத்திலும் அதே கதைதான். மற்றவர்களின் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் என்னை மட்டும் அவசரமாக அனுப்பிவைத்தார்கள்.

திருநெல்வேலி வீட்டு வாசலில் அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "ஏட்டி, என்னட்டி இது நாத்தம்?" என்றாள். தகரம் மாட்டுத்தொழுவத்துக்குப் போயிற்று. மற்றப் பொதிகளை ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். வந்தவர்களிடமெல்லாம் குருநகர்ப் பையனைப் பற்றிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொன்னது சரிதானே என்று எனக்குள் ஒரு வீம்பு.

சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒல்லியான பையன் ஒருவன் படலையைத் திறந்து "டீச்சர் நிக்கிறாவோ?" என்றான். மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்திருந்தான். திருச்சிக்கு மிளகாய்த்தூள் வாங்கிப்போன யாரோ, முகாமில் இருந்த யாரிடமோ சொல்லி, அவர் இவனிடம் சொல்லியிருக்கிறார். ஆட்களை ஆட்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

தகரத்தைத் திறந்து மோந்து பார்த்தான். தொழுவத்திலேயே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். அம்மா தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு அவனைக் கைகழுவச் சொல்லி, கூடத்தில் இலை போட்டு, சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் பரிமாறினாள். சோற்றை மறுபடி மறுபடி வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

சாப்பிடும்போதுதான் தங்கையின் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது என்றான். அண்மையில் படகில் வந்தவர்கள் சொன்னார்களாம். கணிதத்தில் சாதாரண சித்தி, அதாவது கடைசித் தரத் தேர்ச்சி.

"சாதாரண சித்தியா?" என்றேன். அவளுக்கு அதைவிட நன்றாக வந்திருக்க வேண்டும். எத்தனை மாதம் அந்தப் பிள்ளையோடு மல்லுக்கட்டியிருந்தேன். வினாவைச் சரியாக வாசிக்காமல் அவசரப்பட்டிருப்பாள், அவளுடைய குணமே அதுதான் என்று அவனிடமே பொரிந்து தள்ளினேன். திரும்ப எழுதச் சொல்லு, ஒருதரம் எழுதினது காணாது என்றேன்.

அவன் மோரைக் குடித்துவிட்டு, சொல்லியனுப்புகிறேன் என்று தலையாட்டினான்.