சாணவாயு அடுப்பில் போட்ட காப்பி

என் அக்காவுக்குக் கூடிவந்த கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். பொய் சொல்லிப் பாதி கெடுத்தேன். அதைச் சரிசெய்யப் போய் முழுதாகக் கெடுத்தேன். பெட்ரோலில் கரும்புச் சாராயம் கலக்கிறார்களாமே என்று இப்போது சங்கரன்கோவில் பங்கில் ஆட்கள் வண்டி டேங்க்கைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். அந்த முகங்களைக் காணும்போதெல்லாம், அன்றைக்கு யாரும் குடிக்காமல் ஆறிப்போன காப்பி ஞாபகம் வந்துவிடுகிறது.

அப்போது எங்கள் வீட்டில் எரிந்தது பருத்திமாரும் உடைமர விறகும்தான். ஊதி ஊதி அக்காவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா சாணவாயுக் கலத்துக்கு ஏற்பாடு செய்தார். தொழுவத்தை ஒட்டி ஒரு குழி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். கட்டிக்கொடுக்க வந்த அதிகாரி, வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கக்கூஸின் குழாயையும் இதில் சேர்த்தால் வாயு கூடுதலாக வரும் என்றார். அப்பா அவரை அடிக்காத குறை.

“சோறு பொங்குத அடுப்பு வே அது!”

கக்கூஸுக்குத் தனிக் குழி என்று முடிவானது. அந்த வேலைகளையும் சித்தப்பாவே பார்த்தார்.

சாணியைக் கையால் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது என் பாடு. பள்ளிக்கூடத்தில் என் பெயரே ‘சாணி’ என்றாகிவிட்டது. அவ்வளவு கரைத்தும் உலை கொதிக்குமுன் தீ படுத்துவிடும். டிரம்மின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். தீ கொஞ்சம் துள்ளிவிட்டு, முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது. பிறகு வைகாசியில், என்ன மாயமோ, டிரம் நன்றாக எழும்பத் தொடங்கியது. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் குருவிகுளத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்துவிட்டது. சீனி டப்பா என்று உப்பு டப்பாவைத் திறந்தாள். நான்தான் கையைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் அத்தை அடுக்களைக்குள் வந்து அடுப்பையே முறைத்துக்கொண்டு நின்றாள். புகை இல்லை, வாடை இல்லை. அக்கா காப்பியோடு முன்னறைக்குப் போனதும் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே மக்கா, சாணி எங்கயாச்சும் நீலமா எரியுமா? நெசத்தச் சொல்லு. வேற என்னத்தப் போடுதீக?”

ஒரு வார்த்தையில் கலத்தை மூட வைத்துவிடலாம் என்று தோன்றியது. மூடிவிட்டால் சாணி கரைக்க வேண்டாம்.

“கக்கூஸ் குழாயும் அதுலதான் சேருது” என்றேன்.

அவள் முன்னறைக்குப் போய், தன் அண்ணனான மாப்பிள்ளையின் அப்பா காதருகே குனிந்தாள். உதடு வரை போன தம்ளர்கள் தரைக்கு இறங்கின. “பஸ்ஸுக்கு நேரமாச்சு. பொறவு சொல்லி விடுதோம்.”

தரகர் மூலம் காரணம் வந்து சேர்ந்தது. யார் சொல்லியிருப்பார்கள்? அம்மா பக்கத்துத் தறிக்காரர் வீட்டைச் சந்தேகப்பட்டாள். அப்பா தரகரையே சந்தேகப்பட்டார். சித்தப்பா மட்டும் யார்மேலும் சந்தேகப்படவில்லை. அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். அம்மா வேலியோரம் நின்று தறிக்காரர் வீட்டம்மாவை ஏசியதைக் கேட்கப் பொறுக்காமல், நான்தான் பொய் சொன்னேன் என்று அழுதுவிட்டேன்.

அப்பா முதலில் விளாசினார். அப்புறம் முகம் மலர்ந்தது.

“பொய்தானல? அது போதும். அவுகள வரச் சொல்லி, கண்ணு முன்னால மண்ணத் தோண்டிக் காட்டுதேன்.”

“சின்னப் பய பேச்சுக்கு எதுக்குண்ணே தோண்டிக்கிட்டு? நான் போய்ப் பேசிட்டு வாரேன்” என்றார் சித்தப்பா. அப்பா கேட்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். என் தப்புக்கு நானே பரிகாரம் செய்வதாகச் சொல்லி மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். சித்தப்பா இரண்டுமுறை என் கையிலிருந்து அதைப் பிடுங்கப் பார்த்தார். பாசம் என்று நினைத்து இன்னும் வேகமாக வெட்டினேன்.

கக்கூஸிலிருந்து கிளம்பிய குழாய் தனிக் குழிக்குப் போகவில்லை. மண்ணுக்குள் வளைந்து, நான் சாணி கரைக்கும் தொட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தது. பூசியிருந்த சிமெண்டு புதுசு.

“சின்னப் பய பொய் சொல்லலியே” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. அவர்கள் போன பிறகு அப்பா தம்பியைப் பார்த்தார்.

“தீ நிக்கலண்ணே. அந்தப் பிள்ள கண்ணப் பாத்தீயளா நீங்க?” என்றார் சித்தப்பா.

அன்று சாயங்காலம் அம்மா முற்றத்தில் கல் கூட்டிப் பருத்திமாரை எரித்தாள். அக்கா மட்டும் உள்ளே போய், அந்த நீலத் தீயிலேயே தனக்கென்று கொஞ்சம் சோறு பொங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை நீட்டினேன். ஒரு கரண்டி போட்டாள்.

“நீ பொய்யின்னு நெனச்சுத்தானல சொன்ன?”

“ஆமாக்கா.”

அக்கா சிரித்தாள். கண்கள் சிவந்திருந்தன. இந்த அடுப்பில்தான் புகையே கிடையாதே, பிறகு ஏன் சிவந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நான் சாப்பிட்டேன்.