அத்தை சாப்பிட்ட பிறகு

சாப்பாட்டுக்கு எங்கள் அத்தையைப் போல முந்திக்கொள்ளும் ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் தங்கை. கட்டியவன் விட்டுப்போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கும் வேலை பார்த்து, முழங்கால் மடங்காமல் போனதும் வீட்டோடு நின்றுவிட்டாள். அப்பாவுக்கு வேலை போகும்வரை அவளை யாரும் பாரமாக நினைத்ததில்லை. போன பிறகும் வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் தட்டில் விழும் கரண்டியின் சத்தம் மாறிவிட்டது. அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

அப்பா டின் உணவுக் கிடங்கில் பெட்டி அடுக்குபவர். கூரை ஒழுகிச் சரக்கெல்லாம் நனைந்ததும் முதலாளி கையை விரித்துவிட்டார். கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக, லேபிள் ஊறிக் கழன்ற டின்களை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார். எங்கள் சமையலறை அலமாரி முழுக்கப் பெயரில்லாத டின்கள் வந்து உட்கார்ந்தன. அப்பா ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து அடித்துச் சொல்வார்.

"பட்டாணிதான். என்ன பந்தயம்?"

திறந்தால் சர்க்கரைப் பாகில் அன்னாசிப்பழம் மிதக்கும்.

"பட்டாணி மாதிரிதான் ஆடுச்சு" என்று இடத்தைக் காலி செய்வார். அம்மா அதிலும் உப்பைப் போட்டுச் சோற்றில் ஊற்றினாள். வேறென்ன செய்வாள்?

மூடி உப்பிய டின்களை மட்டும் அப்பா முதல் நாளே பிரித்தெடுத்து, பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வெயில் ஏறினால் அவை தாமாகவே 'டொக்' என்னும். யாரோ உள்ளே இருந்துகொண்டு தட்டுவது போலிருக்கும். நான் காலைச் சட்டென்று கட்டில்மேல் இழுத்துக்கொள்வேன்.

டின்கள் வந்ததும் அத்தை ஒரு சட்டம் போட்டாள். நாளைக்கு உள்ள டின்னை இன்றைக்கே திறக்க வேண்டும். கேஸ் மிச்சம் பிடிக்க லேசாகச் சூடு காட்டி, முதல் கரண்டியை அவள் மட்டும் சாப்பிடுவாள். மற்றவர்களுக்கு அது மறுநாள் மதியம்தான். நாங்கள் தினமும் பழையதைத் தின்ன, அவள் புதிதாகத் தின்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன் அத்தை, நீங்க மட்டும் சூடா சாப்பிடறீங்க?"

"பல்லு கொட்டறதுக்குள்ள அனுபவிச்சுக்கறேன்டி. உனக்கென்ன பொறாமை?"

மறுநாள் மதியம், தட்டு வைப்பதற்கு முன்னால், ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைக் கதவுப் பக்கம் நிற்கச் சொல்வாள்.

"விரலைக் காட்டு."

நான் காட்டுவேன். "மூணு" என்பாள். மாற்றுவேன். "அஞ்சு." பிறகு ஒரு மிடறு தண்ணீரை விழுங்கிப் பார்த்துவிட்டு, "போடுங்க அண்ணி" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வரும்வரை அம்மா கரண்டியைத் தொடமாட்டாள். துடைத்த தட்டுகளையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் அதை விளையாட்டு என்றே நினைத்தேன். அத்தை ஜெயித்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கொஞ்சம் சலிப்பும் இருந்தது.

அலமாரி காலியாகிவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அது காலியாகவில்லை. என் கட்டிலுக்கு அடியில்தான் இடம் காலியாகிக்கொண்டு வந்தது. மதிய வெயிலில் அந்த 'டொக்' இப்போது சமையலறையிலிருந்து கேட்டது.

ஒரு நாள் அத்தை டின்னில் ஓட்டை போட்டதும் அது 'புஸ்' என்று மூச்சு விட்டது. அத்தை கையை எடுத்துவிட்டாள். அடுப்படியைப் பார்த்தாள், காலி அரிசி டப்பாவைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் நான் ஒரே ஒரு விரலை நீட்டினேன். அத்தை கண்ணை இடுக்கினாள்.

"ரெண்டு."

"தோத்துட்டீங்க அத்தை! தோத்துட்டீங்க!" என்று குதித்தேன்.

"இரு கண்ணு. அதையே இன்னொரு வாட்டி காட்டு."

காட்டினேன்.

"ரெண்டு" என்றாள், மெதுவாக.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாத்திரத்தைத் தூக்கிப் போய் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தாள். வேலை தேடி அலைந்துவிட்டு வெறும் வயிற்றோடு அப்பா அப்போதுதான் உள்ளே நுழைந்தார். அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"பிள்ளை பசியில கிடக்குது, நீ சாக்கடைக்குச் சோறு போடறியா?"

"கத்தாத அண்ணா" என்றாள் அத்தை. நாக்கு குழறியது. "எனக்கு நீ ரெண்டு பேரா தெரியற. ஆஸ்பத்திரியில, கெட்டுப்போன டின்னைத் தின்னுட்டு வந்த ஒருத்தன் இப்படித்தான் சொன்னான்."

அப்பா குப்பைக்கூடையில் கிடந்த டின்னைப் பார்த்தார். அதன் மூடி இன்னும் உப்பியே இருந்தது.

"நான்தான் எடுத்து அலமாரியில வச்சேன்" என்றார், யாரும் கேட்காமலே.

ஆஸ்பத்திரியில் அத்தையின் இமைகள் திரை போல விழுந்துவிட்டன. மூச்சை ஒரு மிஷின் விட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் ஓர் இமையைக் கட்டை விரலால் தூக்கிப் பிடித்தாள். நான் பயந்துகொண்டே ஒரு விரலைக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படுக்கைமேல் அத்தையின் கை அசைந்தது. இரண்டு விரல்கள் எழுந்தன. நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னை அங்கே கூட்டிப்போகவில்லை. அத்தையும் வீட்டுக்கு வரவில்லை.

உப்பிய டின்களையெல்லாம் அப்பா எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். உப்பாதவை சில மிச்சம் இருந்தன. வேலை கிடைக்கவில்லை. பசி மட்டும் துக்கம் பார்க்காமல் நேரத்துக்கு வந்தது. அப்பா ஒரு டின்னை எடுத்தார். ஆட்டிப் பார்க்கவில்லை. திறந்தார், ஒரு கரண்டி சாப்பிட்டார், மூடி வைத்தார்.

மறுநாள் மதியம் ஜன்னலோர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அம்மா தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"விரலைக் காட்டும்மா" என்றார்.

ஒரு விரலை நீட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணுதானே?" என்று என்னைக் கேட்டார்.