அத்தை தாழிட்ட மாடி அறை

கதவுக்கு வெளியே அப்பா, அம்மா, பெரியப்பா, அம்மாவின் தம்பியான மாமா, பத்து வயதில் நான். கதவுக்கு உள்ளே அப்பாவின் தங்கை, என் அத்தை.

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீடு. மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒரே அறை. அந்த வெள்ளிக்கிழமை அத்தைக்கு உறுதி வார்த்தை. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெரியவர்கள் முன்னால் கல்யாணத்தைப் பேசி முடிப்பது. அத்தைக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருடம் பாக்கி. முடித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மேலே போய் உள்தாழ் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பெண் வெளியே வராவிட்டால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவளுக்கு அது போதும்.

எனக்குக் குஷி. சினிமாவில் கோட்டைக் கதவை யானை முட்டும். மேலேயிருந்து எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள். பெரியப்பா கடப்பாரையோடு வந்தார். மாமா தடுத்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போனவர் அவர்.

“வையுங்க மச்சான். கதவும் போயிரும், ஊரும் சிரிக்கும்.”

என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டார். “யானை எல்லாம் சினிமாவுலதான் சாமி. நெசத்துல சுத்தி உக்காந்துக்குவாங்க. சங்ககிரி மலை மேல சுனை பாத்தயல்ல? அது வத்துனா கோட்டை தானாத் தொறந்துக்கும்.”

அப்பா மேலே போய், தொட்டியிலிருந்து அந்த அறைக்குத் தண்ணீர் விடும் வால்வை மூடினார். படிக்கட்டுக்குக் கீழே கட்டிலைப் போட்டார். மூன்று பேரும் தாயம் ஆடினார்கள்.

“சண்டை எப்ப மாமா?”

“இதுதான் சாமி சண்டை.”

சாயங்காலம் நான் மேலே போனேன். சின்னப் பிள்ளையை யாரும் தடுக்கவில்லை. அத்தை ஜன்னலுக்கு வந்தாள்.

“கீழ என்ன பண்றாங்க?”

“தாயம் ஆடறாங்க அத்தை.”

சிரித்தாள். கம்பி வழியாக ரெண்டு பிஸ்கட் கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில்கள் தெரிந்தன.

கீழே வந்ததும் மாமா பக்கத்தில் உட்கார வைத்தார். “உள்ள எத்தனை பாட்டல் தண்ணி இருக்குது சாமி?” எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்த பெருமை எனக்கு. விரல் விட்டுச் சொன்னேன். மாமா அப்பாவைப் பார்த்தார்.

“இந்த வெயிலுக்கு வெள்ளி வரைக்கும் தாங்காதுங்க.”

புதன்கிழமை அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். அப்பா கட்டிலை நகர்த்தவில்லை. அம்மா திரும்பிவிட்டாள்.

வியாழன் மத்தியானம் தாழ் திறந்தது. கதவில் ஒரு கீறல் இல்லை. அத்தை யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய், நின்றபடியே குடித்தாள். மறுநாள் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்தாள்.

இப்போது மோகனூரில் இருக்கிறாள். படிப்பை முடிக்கவில்லை. நான் போனால் முதலில் தண்ணீர்தான் கொடுப்பாள். அந்த மாடி அறையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

யாரும் யாரையும் அடிக்கவில்லை, அதனால் சண்டையே நடக்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்பாவும் மாமாவும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேலே போய்ப் பார்த்து வந்தது நான்.

மூன்று பாட்டில்.