பாவு என்ன, ஊடை என்ன

காசநோய் இரண்டாவது முறை வந்தபோது காஞ்சிபுரத்தில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். முதல் முறை, உடம்பு கொஞ்சம் தேறியதும் மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓசூர் பக்கம் வேலைக்குப் போனவன் நான். அதனால் வந்ததுதான் இது.

பேசினால் இருமல் வந்தது. அதனால் பக்கத்துக் கிராமமான கூரத்து நண்பருக்குத் தபால் கார்டு எழுதினேன். பட்டு நெய்கிறவர், ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போய்ப் பழக்கமானவர். முதுகெலும்பு தேய்ந்து அவரும் படுத்த படுக்கையாக இருந்தார்.

எழுதுவதற்கு என் அறையில் இருந்தது ஒரு குளவிக்கூடுதான். ஜன்னலுக்கு மேலே மண்ணால் ஐந்து அறைகள். வீட்டுக்கார அம்மாவின் மகள் முழுகாமல் இருந்தாள்; கூட்டைக் கலைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அதை யாரும் தொடக் கூடாது. ‘குளவி காலையில் கறுப்பாக, இடுப்பில் மஞ்சளோடு இருக்கிறது. மத்தியானம் மயில்கழுத்து நிறமாகிவிடுகிறது. வெயிலால் இருக்குமா அண்ணே?’ என்று கேட்டிருந்தேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. ‘மயில்கழுத்துன்னா பாவு இன்னா, ஊடை இன்னா? திரும்பித் திரும்பிப் பாத்து எயுது.’

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் வேறு நிறமானால் சேலையைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். பாயில் இடமும் வலமும் புரண்டு பார்த்தேன். இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் பச்சை. எங்கிருந்து பார்த்தாலும் மஞ்சள் இல்லை. அப்படியே எழுதினேன்.

‘அப்ப வெயில் மேல பழியப் போடாத. எந்தப் பூச்சியும் மத்தியானம் பொடவை மாத்தாது. ரெண்டு பேரு வந்து போறாளுங்க. ஒருத்தி கட்றா. இன்னொருத்தி எதுக்கு வரா?’

கவனித்தேன். மஞ்சள் இடுப்புக்காரி இல்லாத நேரத்தில் மற்றவள் வந்து, மூடிய அறையில் ஓட்டை போட்டு, வாலை உள்ளே விட்டு எடுத்து, மண்ணால் அடைத்துவிட்டுப் போனாள். அதையும் எழுதினேன்.

மூன்றாம் மாதம் இருமல் நின்றது. கால் நிற்கவில்லை. திருப்பூருக்குக் கிளம்புவதாகக் கார்டு போட்டேன். மாத்திரை கொடுக்க வந்த செவிலியர் கட்டி வைத்த பையைப் பார்த்துவிட்டார்.

“இன்னா, மறுபடியும் ஓட்டமா? அடுத்த தபா இந்த மாத்திரை கேக்காது பா.”

தெரியாததில்லை. முதல் முறையும் தெரிந்துதான் போனேன்.

நண்பர் எழுதினார்: ‘போறதுன்னா போ. உள்ள இருந்து வரப்போறது எவ புள்ளன்னு எனக்கு யாரு சொல்லுவா?’

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. கிளம்பவில்லை.

முதல் அறையை உடைத்துக்கொண்டு வந்தது மயில்கழுத்து. உடனே எழுதினேன். ‘ஒண்ண வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. மீதி நாலு?’ என்று பதில் வந்தது. அடுத்த இரண்டில் மஞ்சள் இடுப்பு. நான்காவதில் மறுபடியும் மயில்கழுத்து. ஐந்தாவது, இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் ஆறு மாத மாத்திரையும் முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்றார்கள்.

ஐந்தாவது அறை திறக்கவே இல்லை. ஏன் என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.